ஆனி லண்டன்டெரி அம்மையார்

1894ஆம் ஆண்டு ஜூன் மாதத்தின் இறுதி. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து அரசாங்க மாளிகையின் முன்னே சுமார் 500 பேர் கூடி நின்றார்கள். அவர்கள் காண வந்தது ஓர் இளம்பெண்ணை. சிறிய உருவம், கழுத்தை மூடிய சட்டை, இடுப்பை இறுக்கிய கச்சு, கணுக்கால் வரை புரளும் கனத்த பாவாடை. பக்கத்தில் 42 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 19 கிலோ எடையுள்ள ஒரு சைக்கிள். மூட்டையில் மாற்றுடை ஒன்று, முத்துச்சிப்பிப் பிடி போட்ட கைத்துப்பாக்கி ஒன்று. இந்தச் சைக்கிளில் உலகத்தைச் சுற்றிவரப் போவதாகச் சொல்லிவிட்டு அவர் ஏறி உட்கார்ந்தார். அவர் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டு அப்போது சில நாட்களே ஆகியிருந்தன!

இதைப் படிக்கும் நண்பர்கள் சிரிக்கலாம். முதலில் நானும் சிரித்தேன். அந்தப் பாவாடை மூன்றே மாதத்தில் என்ன ஆயிற்று என்பதை அறிந்த பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. அன்று அவருக்கு ஏறத்தாழ என் வயதுதான் என்பதும் ஒரு காரணம்.

அவருடைய இயற்பெயர் ஆனி கோஹன். பிறந்தது 1870இல், அக்காலத்தில் ருஷ்யப் பேரரசுக்கு உட்பட்டிருந்த லாட்வியாவில், ஒரு யூதக் குடும்பத்தில். 1875இல் அக்குடும்பம் கடல் கடந்து பாஸ்டனில் குடியேறியது. பிழைக்க வந்த ஊரில் பிழைப்பு எளிதாக அமையவில்லை. 1887 ஜனவரியில் தந்தை மறைந்தார். இரண்டு மாதங்களில் தாயும் மறைந்தார். இளைய தம்பியையும் தங்கையையும் காக்கும் பொறுப்பு ஆனியின் தலையிலும் அவருடைய சகோதரர் ஒருவரின் தலையிலும் விழுந்தது. மறு ஆண்டே ஆனிக்குத் திருமணமாயிற்று. கணவர் மாக்ஸ் கொப்சாவ்ஸ்கி தெருத்தெருவாகச் சென்று பொருள் விற்பவர். மற்ற நேரமெல்லாம் சமய நூல்களில் ஆழ்ந்திருப்பவர். நான்கு ஆண்டுகளில் மூன்று குழந்தைகள் பிறந்தன. வருவாய் போதாமல் ஆனியும் பாஸ்டன் பத்திரிகைகளுக்கு விளம்பரம் திரட்டும் வேலைக்குச் சென்றார். கடை கடையாக ஏறி இறங்கிப் பேசிப் பேசி விளம்பரம் வாங்கும் வேலை அது. பின்னாளில் அவர் செய்தவற்றையெல்லாம் புரிந்துகொள்வதற்கு இந்த ஒரு தொழிலை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

இத்தகைய குடும்பப் பெண் உலகஞ்சுற்றப் புறப்பட்டது எதனால்? பாஸ்டன் செல்வர் இருவர் பந்தயம் கட்டினார்கள் என்பது அவர் ஊரெங்கும் சொன்ன காரணம். 15 மாதத்தில் ஒரு பெண்ணால் சைக்கிளில் உலகைச் சுற்ற இயலாது, வழியில் 5000 டாலர் சம்பாதிக்கவும் இயலாது என்று ஒருவர் சொன்னாராம். இயலும் என்று மற்றவர் சொன்னாராம். தாமஸ் ஸ்டீவன்ஸ் என்னும் ஆடவர் 1884இல் சான் பிரான்சிஸ்கோவில் புறப்பட்டு, 1886 இறுதியில் யோகஹாமாவை அடைந்து, சைக்கிளில் உலகை வலம் வந்த முதல்வர் என்ற புகழைப் பெற்றிருந்தார். பெண்கள் எவரும் அதைச் செய்திருக்கவில்லை. ஆனால் இந்தப் பந்தயம் என்ற ஒன்று நடந்தே இராது என்றுதான் ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். பந்தயம் என்றால் பத்திரிகைக்காரர் வருவார்கள். பத்திரிகைக்காரர் வந்தால் விளம்பரதாரர் வருவார்கள். விளம்பரம் திரட்டியவருக்கு இந்தக் கணக்குத் தெரியாதா?

கணக்கு பலித்தது. நியூ ஹாம்ப்ஷயரைச் சேர்ந்த லண்டன்டெரி என்னும் ஊற்றுநீர்க் கம்பெனி 100 டாலர் தந்தது. அதற்குக் கைம்மாறாக அக்கம்பெனியின் பலகையைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டதோடு, கம்பெனியின் பெயரையே தம் பெயராகவும் வைத்துக்கொண்டார். கொப்சாவ்ஸ்கி என்ற யூதப் பெயர் அக்காலத்து அமெரிக்காவில் எல்லா ஊரிலும் அன்போடு வரவேற்கப்படும் பெயர் அன்று. ஆகவே பாட்டில் தண்ணீரின் பெயர் அவருக்கு ஒரு கவசமும் ஆயிற்று. அன்று முதல் அவர் மணமாகாத செல்வி லண்டன்டெரி. கணவரும் மூன்று குழந்தைகளும் பாஸ்டனில் இருந்தார்கள். இந்த இடத்தைப் படிக்கும்போது என் மனம் சற்று நெருடத்தான் செய்கிறது. இதே காரியத்தை ஒரு தந்தை செய்திருந்தால் நெருடியிருக்குமா என்று கேட்டுப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், குறைவாகத்தான் நெருடியிருக்கும்.

பாஸ்டனிலிருந்து நியூயார்க் வழியாகச் சிக்காகோவை அவர் அடைந்தது செப்டம்பர் 24ஆம் நாள். மூன்று மாதம் கழிந்துவிட்டது, உடல் எடையில் 20 பவுண்டு கரைந்துவிட்டது, குளிர்காலம் நெருங்கிவிட்டது. மேற்கே மலைகளைப் பனிக்கு முன் கடக்க இயலாது. பயணத்தையே கைவிட்டுவிடலாம் என்று எண்ணினார். கைவிடவில்லை, சைக்கிளை மாற்றினார், உடையை மாற்றினார். அவருடைய வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுவே.

சைக்கிளை மாற்றியதற்கும் உடையை மாற்றியதற்கும் உள்ள உறவைச் சிறிது விளக்க வேண்டும். பாவாடை கட்டியவர் ஏறுவதற்கென்று அக்காலத்தில் செய்த பெண்கள் சைக்கிளில் மேல் குழாய் கிடையாது. அது தாழ வளைந்து கிடக்கும். முக்கோணம் அசையாத வடிவம் என்பதை வடிவகணிதம் படித்த எல்லாரும் அறிவோம். அந்த முக்கோணத்தைக் கெடுத்தால் உறுதி போய்விடும். உறுதியை மீட்கக் குழாய்களைத் தடிமனாக்க வேண்டும். பாவாடை செயினில் சிக்காமலிருக்க ஒரு மூடி. பின்சக்கரத்தில் சிக்காமலிருக்க ஒரு வலை. ஒவ்வொன்றும் எடையைக் கூட்டியது. ஆக, பெண்ணின் சைக்கிள் கனத்தது பெண்ணால் அன்று, பாவாடையால்! சிக்காகோவில் ஸ்டெர்லிங் கம்பெனி அவருக்கு அளித்ததோ ஆடவர் ஓட்டும் சைக்கிள். எடை 21 பவுண்டு, பழையதில் சரிபாதி. பிரேக்கு இல்லை, ஒரே ஒரு பல்சக்கரம். ஆனால் அதன் மேல் குழாய் நேராக, உயர்ந்து நின்றது. கனத்த நீண்ட பாவாடையோடு அதன்மேல் அமர்ந்து நாடு கடப்பது நடவாத காரியம். பாதி எடை வேண்டுமானால் பாவாடையை விட்டாக வேண்டும். ஆனி அம்மையார் விட்டார். முதலில் புளூமர் என்னும் தொளதொளத்த கால்சட்டையை அணிந்தார். பிறகு அதுவும் போதவில்லை என்று ஆடவர் சைக்கிள் ஓட்ட அணியும் உடையையே அணிந்துகொண்டார்.

புளூமருக்கும் ஒரு கதை உண்டு. அமீலியா புளூமர் என்ற அம்மையார் தாம் நடத்திய பத்திரிகையில் 1851இல் இந்த உடையை ஆதரித்து எழுதினார்; அவர் அதைத் தோற்றுவித்தவர் அல்லர் எனினும் பெயர் அவருக்கே ஒட்டிக்கொண்டது. ஊர் கூடிக் கேலி செய்தது. சில ஆண்டுகளில் அவரே அதை அணிவதை நிறுத்திவிட்டார். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் சைக்கிள் வந்தபோதுதான் அந்த உடை மீண்டும் உயிர் பெற்றது. 1893இல் இங்கிலாந்தில் டெஸ்ஸி ரேனால்ட்ஸ் என்னும் பதினாறு வயதுப் பெண் கால்சட்டை அணிந்து பிரைட்டனிலிருந்து லண்டன் சென்று திரும்பினாள். சுமார் எட்டரை மணி நேரம். அவள் வேகத்தைப் பற்றிப் பேசியவர்களைவிடக் கால்சட்டையைப் பற்றிப் பேசியவர்களே மிகுதி. ஹார்பர்ட்டன் சீமாட்டி என்பவருக்கு 1898இல் இதே உடைக்காக ஒரு விடுதியின் காப்பி அறையில் உணவு மறுத்தார்கள். வழக்கு நீதிமன்றம் வரை சென்று தோற்றது. பட்டம் பெற்ற சீமாட்டிக்கே அந்த நிலை என்றால், தெரு வியாபாரியின் மனைவி முன்பின் தெரியாத ஊர்களில் அந்த உடையோடு இறங்கி நடந்ததற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

நான் இதை ஏட்டளவில் மட்டும் எழுதவில்லை. சென்ற ஆண்டு ஆய்வுக்கூடத்திலிருந்து விடுதிக்குத் திரும்பும் வழியில் என் துப்பட்டா செயினில் சிக்கி, நடுத்தெருவில் விழுந்தேன். அதன் பின் மூன்று நாள் சைக்கிள் பயணம் ஒன்றுக்கு இங்குள்ள தோழிகளோடு புறப்பட்டபோது, முறையான சைக்கிள் ஷார்ட்ஸ் வாங்கிவிடுவது என்று கடைக்குப் போனேன். கடைக்காரர் ஆண்களுக்குரியதில் சிறிய அளவை எடுத்துத் தந்து, எல்லாம் ஒன்றுதான் என்றார். இரண்டாம் நாள் மாலைக்குள் எல்லாம் ஒன்றன்று என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. இருக்கையில் நம் உடற்பாரத்தைத் தாங்குவது இடுப்பெலும்பின் அடியிலுள்ள இரண்டு முனைகள். பெண்களுக்கு அவற்றின் இடைவெளி சராசரியாகச் சற்று அகலம். ஆண்களுக்கென்று தைத்த பஞ்சு மெத்தை நமக்கு வேண்டிய இடத்தில் மெலிந்தும் வேண்டாத இடத்தில் தடித்தும் நிற்கிறது. நடுவே ஒரு தையல் ஓடினால் கேட்கவே வேண்டாம். வியர்வை, சூடு, உராய்வு மூன்றும் சேர்ந்து தோலை உரித்துவிடும். மெத்தை தடித்திருந்தால் நல்லது என்பதும் தவறு. தடித்த மெத்தை மடிந்து புண்ணாக்கும். உடம்போடு ஒட்டி, மடிப்பு விழாமல், தொடையை இறுக்காமல் இருக்க வேண்டும். உள்ளே வேறு துணி அணியக்கூடாது என்பதை என் தோழி ஒருத்தி சொன்னபோது நான் நம்பவில்லை, சொன்னது சரியே. இதையெல்லாம் வெளிப்படையாகப் பேச நாம் கூசுகிறோம். கூசிக் கூசி இரண்டு நாள் நின்றுகொண்டே சாப்பிட்டதுதான் நான் கண்ட பயன்.

ஆனி அம்மையாருக்கு இந்த வசதி ஏதும் இல்லை. இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் நூலிழையை டூபாண்ட் கம்பெனியில் ஜோசப் ஷிவர்ஸ் என்னும் இரசாயன அறிஞர் 1958இல்தான் கண்டுபிடித்தார். ஆகவே 1894இல், ஆண்களுக்கென்று தைத்த உடைதான் கிடைத்தவற்றுள் உத்தமம். அதை அவர் எடுத்துக்கொண்டார்.

சிக்காகோவிலிருந்து மீண்டும் கிழக்கே திரும்பி, நியூயார்க்கில் நவம்பர் 24இல் கப்பலேறி, டிசம்பர் 3இல் பிரான்சின் லெ ஆவர் துறைமுகத்தில் இறங்கினார். சுங்க அதிகாரிகள் சைக்கிளைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். பணம் களவு போயிற்று. பிரெஞ்சுப் பத்திரிகைகள் அவர் உடையையும் உடற்கட்டையும் பார்த்துவிட்டு, இவர் பெண்தானா என்றே ஐயுற்று எழுதின. அவர் பிரான்சில் இருந்த அந்த டிசம்பர் 30இல்தான் அமெரிக்காவில் அமீலியா புளூமர் அம்மையார் காலமானார். பாரிஸிலிருந்து மார்சேல்ஸ் வரை குளிரில் சைக்கிளிலும் இரயிலிலுமாகச் சென்ற ஆனி, 1895 ஜனவரி 13இல், ஒரு காலில் கட்டுப் போட்டு அதைக் கைப்பிடியின்மேல் தூக்கி வைத்துக்கொண்டு, மற்றொரு காலால் மிதித்தபடி அந்நகரத்துள் நுழைந்தார். ஊரே திரண்டு வரவேற்றது.

இனிமேல்தான் சிக்கல். ஜனவரி 20இல் மார்சேல்ஸில் சிட்னி என்ற கப்பலில் ஏறியவர், அலெக்சாண்டிரியா, கொழும்பு, சிங்கப்பூர், சைகோன், ஹாங்காங், ஷாங்காய், நாகசாகி, கோபே என்று துறைமுகம் துறைமுகமாகச் சென்று, மார்ச் 9இல் யோகஹாமாவிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறிவிட்டார். கூட்டிப் பாருங்கள்: 48 நாள்! கப்பல் நின்ற இடங்களில் இறங்கி ஊருக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறார். கொழும்புத் துறையிலும் அவ்வாறே. அவ்வளவுதான். ஆனால் அமெரிக்கா திரும்பியதும் அவர் மேடைகளில் சொன்னவை என்ன? இந்தியாவில் அரச குடும்பத்தாரோடு வங்கப் புலி வேட்டையாடினாராம். அப்போது நடந்துகொண்டிருந்த சீன-ஜப்பானியப் போரின் முனைக்கே சென்று தோளில் குண்டடி பட்டாராம். ஜப்பானியச் சிறையில் அடைபட்டாராம். 48 நாளில் ஆசியாவைக் கப்பலில் கடந்தவருக்குப் புலி வேட்டைக்கு நேரம் எங்கிருந்து வந்தது? ஓர் ஊரில் அநாதைச் செல்வி. மற்றோர் ஊரில் வழக்கறிஞர். இன்னோர் ஊரில் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி மாணவி. ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டதே 1945இல்தான்.

இவ்விடத்தில் நம் நண்பர்கள் இரு கட்சியாகப் பிரிவார்கள் என்று அறிவேன். விடுதியில் இக்கதையை நான் சொன்னபோதே பிரிந்தார்கள். பொய்யர் என்று ஒருத்தி தள்ளினாள். சோறு கிடைக்கப் பேசிய பேச்சு என்று மற்றொருத்தி தாங்கினாள். சைக்கிளின்மேல் சென்றதைவிடச் சைக்கிளோடு சென்றதே அதிகம் என்று அக்காலத்திலேயே சிலர் ஏளனம் செய்ததும் உண்டு. அறிவியல் பயிலும் எனக்குப் பொய்யான அளவீடு என்றால் கைக்கும். புலிக் கதையை நான் மன்னிக்கவில்லை. ஆயினும் ஒன்று: புலி பொய், குண்டு பொய், 21 பவுண்டு சைக்கிளும் கால்சட்டையும் மெய். பாரிஸிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் கண்கொண்டு பார்த்தவர்கள் உண்டு, புகைப்படங்கள் உண்டு. அந்தப் படங்களைக் கையெழுத்திட்டு விற்றுத்தான் அவர் வழிச்செலவைத் தேடினார். உடையின்மேலும் சைக்கிளின்மேலும் விளம்பர நாடாக்களைக் கட்டிக்கொண்டு, நடமாடும் சுவரொட்டியாகவே சென்றார்.

மார்ச் 23இல் சான் பிரான்சிஸ்கோவில் இறங்கியபின் நடந்த பயணத்தில் கதைகளுக்குத் தேவையே இல்லை. கலிபோர்னியாவில் ஸ்டாக்டன் நகருக்கருகே வெறிகொண்டு ஓடிவந்த குதிரை வண்டி மோதி அடிபட்டார். தென்கலிபோர்னியா, அரிசோனா, நியூ மெக்சிகோ என்று பாலைவெளிகளைக் கடந்தார். சாலை இல்லாத இடங்களில் இரயில் பாதையே துணை. எல் பாசோ, டென்வர், செயென் ஆகிய ஊர்களைத் தொட்டார். நெப்ராஸ்காவில் சேறு மிகுந்திருந்ததால் பெரும்பகுதியை இரயிலில் கடந்தார். அயோவா மாநிலத்தில் கிளாட்புரூக் என்ற ஊருக்கருகே குறுக்கே வந்த பன்றிக் கூட்டத்தில் மோதி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். பிரேக்கு இல்லாத சைக்கிளின் விலை அது. புலியை வேட்டையாடியதாகச் சொன்னவரைப் பன்றி வீழ்த்திற்று என்று என் தோழி சொல்லிச் சிரித்தாள். எலும்பு முறிந்த கையோடு செப்டம்பர் 12இல் சிக்காகோவையும், செப்டம்பர் 24இல் பாஸ்டனையும் அடைந்தார். புறப்பட்டுப் பதினைந்து மாதம்.

அதன் பின் குடும்பத்தோடு நியூயார்க் சென்றார். 1895 அக்டோபரில் நியூயார்க் வேர்ல்டு என்ற பத்திரிகை அவருடைய பயணத்தை அவர் வாய்மொழியாகவே வெளியிட்டது. புலியும் சிறையும் உட்பட. சில காலம் அப்பத்திரிகைக்குக் கட்டுரைகள் எழுதினார். 1897இல் நான்காம் குழந்தை பிறந்தது. எழுத்து நின்றது, சைக்கிளும் நின்றது. பிற்காலத்தில் கணவரோடு சிறிய உடைத் தொழில் ஒன்றை நடத்தினார். 1920களில் அது தீப்பற்றி அழியவே, காப்பீட்டுப் பணத்தைக் கொண்டு வேறொரு தொழிலைத் தொடங்கினார். விழுந்தால் எழுந்துவிடும் பழக்கம் அவரை விடவில்லை போலும்.

1947 நவம்பர் 11இல் அவர் மறைந்தபோது, அரை நூற்றாண்டுக்கு முன் ஊரெல்லாம் பேசிய செல்வி லண்டன்டெரி இவர்தாம் என்பதை நினைவில் வைத்திருந்தோர் மிகச் சிலர். அவருடைய உறவின் வழியில் நான்காம் தலைமுறையைச் சேர்ந்த பீட்டர் சூட்லின் என்னும் எழுத்தாளர் பழைய பத்திரிகைகளைத் துருவி, எது மெய் எது பொய் என்று பிரித்து, 2007இல் அவர் வரலாற்றை நூலாக்கினார். பத்திரிகையில் பெயர் வருவதற்காக என்னென்னவோ சொன்ன அந்த அம்மையாருக்கு நியூயார்க் டைம்ஸ் 2019 நவம்பரில் இரங்கல் கட்டுரை வெளியிட்டது. இறந்து 72 ஆண்டுகளுக்குப் பிறகு.